சுவரைப் பார்த்திருந்த எலி

லென்ஸ் வெட்டும் மிஷின் நின்றுவிட்டதைச் சொல்ல மேஸ்திரி படியேறி வந்தபோது, கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் சார் அடுத்த பொய் அஞ்சலுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் எல்லோரையும் சோதித்துப் பார்க்க அவ்வப்போது ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்புவது அவர் வழக்கம். அசல் திருடன் அனுப்புவது மாதிரியே இருக்கும். யாராவது அவசரப்பட்டு அதிலுள்ள இணைப்பைத் தட்டிவிட்டால் இவர் கணினியில் மணி அடிக்கும். ‘சம்பள உயர்வுப் பட்டியல்’ என்று வைத்தால் நிச்சயம் நாலு பேர் விழுவார்கள், ஆனால் அது அரதப்பழசு. மனதைத் தொடுகிற மாதிரி வேறு ஏதாவது வேண்டும் என்று பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“சார், மிஷின் வாயத் தொறந்துட்டு நிக்குது. தட்டு வருது, நம்பர் வருது. அது யாரோட கண்ணுன்னு மட்டும் வரமாட்டேங்குது.”

மேஸ்திரிக்கு எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு. அதனால் சிஸ்டம் சார் உடனே எழுந்திருக்கவில்லை.

“ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?”

“அணைச்சுப் போட்டும் பாத்தாச்சு, கெஞ்சியும் பாத்தாச்சு.”

அது மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் செய்துதரும் இடம். கண்ணாடிக் கடைகள் ஆர்டர் அனுப்பும். ஆர்டருக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் வலக்கண்ணுக்கு ஒன்றும் இடக்கண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு லென்ஸ், கூடவே வெறும் நம்பர் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. பெயர், பவர், எந்தக் கடை என்பதெல்லாம் கணினிக்குள்தான். முன்பெல்லாம் சீட்டிலேயே அத்தனையும் அச்சாகி வரும். ஒருவர் கண் எவ்வளவு மங்கல் என்பது தரையில் கிடக்கிற காகிதத்தில் இருக்கக் கூடாது, அது அவருடைய அந்தரங்கம் என்று கூட்டம் போட்டு அதை நிறுத்தியவர் சிஸ்டம் சார். நல்ல யோசனைதான், இன்றைக்கும் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது அவர் இறங்கிப் போய்ப் பார்த்தபோது பட்டறை முழுக்கத் தட்டுகள் அடுக்கடுக்காக நின்றன. வெட்டியது, வெட்டாதது, பாதி வெட்டியது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். எது யாருடைய கண் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

மேஸ்திரியின் கணினியில் ஆர்டர் கோப்பைத் திறக்கப் போனார். கோப்பின் பெயருக்குப் பின்னால் நேற்றுவரை இல்லாத ஒரு வால் ஒட்டியிருந்தது, வாயில் நுழையாத எழுத்துகள். பக்கத்துக் கோப்புக்கும் அதே வால், அடுத்ததற்கும் அதே வால்.

“எல்லாரும் கம்ப்யூட்டர்லருந்து கைய எடுங்க! நெட் வயரப் புடுங்குங்க, மொதல்ல வயரப் புடுங்குங்க!” என்று கத்திக்கொண்டே படியேறி ஓடினார். அவர் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. வயரைப் பிடுங்கச் சொன்னால் சிலர் மின்சார வயரைப் பிடுங்கினார்கள், ஒருவர் பயத்தில் மேசை விளக்கின் வயரையும் சேர்த்துப் பிடுங்கினார். அதற்குள் ஒவ்வொரு திரையிலும் ஒரே அறிவிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. எழுதியவர்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள். உங்கள் கோப்புகளைப் பூட்டியிருக்கிறோம், பிரதி ஒன்று எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, பணத்தைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், கலங்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

ஒரே ஒரு விஷயம் உருப்படியாக இருந்தது. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, கணக்குப் பிரிவின் இரும்பு பீரோவில் பூட்டி வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிரதி பிரதியே இல்லை என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். பீரோவைத் திறந்து அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்தபோது உடம்பு லேசானது. மாதக் கடைசி வரைக்கும் உள்ளது எல்லாம் திரும்ப வந்துவிடும். அதற்கப்புறம் வந்த ஆர்டர்களை மட்டும் கடைகளிடம் மறுபடியும் கேட்டு வாங்க வேண்டும். ஆர்டர் பிரிவுப் பெண்களை அவரவர் கைபேசியில் கடை கடையாகப் பேசச் சொன்னார். கம்பெனி முதலாளியான மேடம் வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார், அவர் மறுநாள் காலையில்தான் வருவார். அவர் வருவதற்குள் திருடன் யார் வழியாக உள்ளே வந்தான் என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று சிஸ்டம் சார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் அவருக்குள் கொஞ்சம் உற்சாகம்கூட இருந்தது. மாட்டிக்கொண்டவர் யார் என்று கண்டுபிடிப்பது அவருக்குப் பிடித்த வேலை.

இந்த இடத்தில் எலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சாம்பல் நிற ரப்பர் எலி, பொம்மைக் கடையில் வாங்கியது, அமுக்கினால் கீச்சென்று கத்தும். பொய் அஞ்சலைத் தட்டி யார் மாட்டுகிறார்களோ அவர் மேசைக்கு அது போகும். அடுத்த ஆள் மாட்டும்வரை அங்கேயே இருக்கும், எடுத்து இழுப்பறைக்குள் வைக்கக் கூடாது. சிஸ்டம் சாரே அதை ஒரு லென்ஸ் தட்டில் ஏந்திக்கொண்டு போவார், பின்னாலேயே நாலைந்து பேர் கைதட்டிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை அது மேஸ்திரியின் மேசைக்கு வந்தபோது, அவர் அதன் மூக்கில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிவிட்டார். மேடம்கூட எதிரே வரும்போது “எலி இப்ப யார் வீட்ல?” என்று கேட்பார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அது வேடிக்கைதான், எலி தன் மேசைக்கு வராதவரை எல்லோருக்கும் வேடிக்கைதான்.

கடைசியாக அது போனது பெரியக்காவின் மேசைக்கு. ஆர்டர் பிரிவில் மூத்தவர், எல்லோருக்குமே பெரியக்கா. சிஸ்டம் சாரை ‘தம்பி’ என்று கூப்பிடுகிற ஒரே ஆள். அந்த முறை சிஸ்டம் சார் அனுப்பிய அஞ்சலின் தலைப்பு ‘உங்கள் பரிசோதனை முடிவு தயார்’. அனுப்பியவராக ஏதோ ஒரு மருத்துவச் சோதனை நிலையத்தின் பெயரை இட்டுக்கட்டிப் போட்டிருந்தார். பெரியக்கா மட்டும்தான் தட்டினார், அதுவும் அஞ்சல் போன சூட்டோடு தட்டினார். எலியை மேசையில் வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். “வயசாச்சு தம்பி, கண்ணு தெரியல” என்றார். லென்ஸ் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னதால் அதற்கும் ஒருமுறை சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாருமே மாட்டவில்லை. தன் வகுப்புகளுக்குப் பலன் வந்துவிட்டது என்று சிஸ்டம் சார் மேடத்திடம் சொல்லிக்கொண்டார். எலி பெரியக்காவிடமே தங்கிவிட்டது. அவர் அதற்கடியில் லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றை மடித்துப் போட்டு, அதன் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார். காலையில் மேசையைத் துடைக்கும்போது எலியையும் துடைப்பார்.

கம்பெனியின் இணைய வாசலில் ஒரு கருவி உண்டு. யார், எங்கிருந்து, எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை அது தானாகவே பதிந்து வைக்கும். பூட்டு விழாத ஒரு பழைய மடிக்கணினியை அந்தக் கருவியோடு நேராக இணைத்து, சிஸ்டம் சார் அதைப் பார்த்தார். பூட்டு முதலில் விழுந்த கணினி பெரியக்காவுடையது, அங்கிருந்துதான் மற்றவற்றுக்குப் பரவியிருந்தது. “நெனச்சேன்” என்று வாய்விட்டே சொன்னார். பிறகு, அந்தக் கணினிக்குள் எப்படி வந்தார்கள் என்று பார்க்க ஒரு படி பின்னால் போனார். அங்கே ஒரு கணக்கின் பெயர் இருந்தது. நாலைந்து நாட்களாக, எங்கோ ஒரு தூர தேசத்திலிருந்து, சரியான கடவுச்சொல்லைச் சொல்லி, சொந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்து வந்து போயிருக்கிற கணக்கு. அது அவருடையது.

முதலில் நம்பவில்லை. திரையைக் கீழே இறக்கி மேலே ஏற்றிப் பார்த்தார். அவர் பெயர் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது.

ஊழியர் எல்லோருக்கும் கடவுச்சொல் போட்ட பிறகு கைபேசிக்கு ஓர் எண் வரும், அதையும் போட்டால்தான் உள்ளே போக முடியும். அந்த ஏற்பாடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். தன் கணக்குக்கு மட்டும் அதை எடுத்துவிட்டிருந்தார். வீட்டிலிருந்து அவசரமாக உள்ளே வரவேண்டியிருக்கும்போது கைபேசி எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது, காவல்காரனுக்கு எதற்கு அனுமதிச் சீட்டு என்று. கடவுச்சொல், மகளை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர், பின்னால் அவள் பிறந்த ஆண்டு. பிள்ளைகளின் செல்லப்பெயரை வைக்காதீர்கள் என்று அவர் வகுப்பில் சொல்லும்போது ஒரு சிரிப்புப் படம்கூடப் போட்டுக் காட்டுவார். அதே கடவுச்சொல்லைத்தான் மகளின் நீச்சல் வகுப்பு இணையதளத்திலும் கொடுத்திருந்தார். அந்தத் தளத்தில் தகவல்கள் திருடு போய்விட்டன, கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள் என்று கொஞ்ச நாளுக்கு முன்னால் ஓர் அஞ்சல் வந்தது. யாரோ தனக்கே தூண்டில் போடுகிறார்கள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அதை அழித்தார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதன் மீதியை மனதுக்குள் சொல்லிக்கொள்ளக்கூட அவருக்குத் தெம்பில்லை. அவமானம் முதலில் காதில் ஏறியது. இரண்டு காதும் சுட்டன. அறையில் தனியாகத்தான் இருந்தார், ஆனாலும் யாராவது பார்க்கிறார்களா என்று கதவின் கண்ணாடிச் சதுரத்தைப் பார்த்தார். எலியை ஏந்திக்கொண்டு தான் நடந்த நடையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. நாளைக் காலையில் அந்த நிபுணர் இந்தப் பதிவைத்தான் முதலில் கேட்பார். கம்பெனி முழுக்கத் தெரியும். மேஸ்திரி எப்படிச் சிரிப்பார் என்பதுகூட அவருக்கு இப்போதே கேட்டது.

பதிவு அந்தக் கருவியில் மட்டும்தான் இருக்கிறது. அதில் சில வரிகளை எடுத்துவிட்டால் கதை பெரியக்காவின் கணினியில் தொடங்கும். அவர் பெயர் இருந்த வரிகளை மேலிருந்து கீழே இழுத்தார், அவை நீலமாயின. ‘நிரந்தரமாக அழிக்கவா?’ என்று திரை கேட்டது. ஆமாம், வேண்டாம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். அவர் கை எதன்மேலும் போவதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது. மேடம் கூப்பிட்டார்.

மேடத்தின் அறைக்குப் போக ஆர்டர் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லோரும் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரியக்காவின் குரல் தனியாகக் கேட்டது. “எங்க பக்கம் தப்புதாங்க. மன்னிச்சுக்கோங்க. பவர மட்டும் இன்னொரு தடவ சொல்லிடுங்க, எழுதிக்கறேன்.” மறுமுனையில் யாரோ திட்டினார்கள் போலிருக்கிறது. அவர் பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு, “நீங்க சொல்றது ஞாயந்தான்” என்றார். சிஸ்டம் சார் எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பைப் படித்துக்கொண்டே நடந்து போனார்.

மேடத்துக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா பீரோவா என்று தெரியாது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் கெட்ட செய்தி கேட்க வேண்டியிருக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். சொல்கிறவர் முகம் தெரியாவிட்டால் கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது என்பார். இப்போது கண்ணாடி மேசைமேல் மல்லாந்து கிடந்தது.

“சிஸ்டமா? உக்காருங்க. கடைக்காரங்க எல்லாரும் எனக்கே போன் போடறாங்க. எங்கருந்து ஆரம்பிச்சுது, தெரிஞ்சுதா?”

“பாத்துக்கிட்டிருக்கேன் மேடம்.”

“இதுவரைக்கும் பாத்ததுல?”

“ஆர்டர் பிரிவுல ஒரு கம்ப்யூட்டர்லருந்து பரவியிருக்கு.”

அது பொய் இல்லை. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“யாரோடது?”

“பெரியக்காவோடது.”

மேடம் கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எலி வாங்கினாங்களே, அவங்கதானே? அப்பவே கவனிச்சிருக்கணும். பழைய ஆளாச்சேன்னு விட்டது என் தப்பு. நாளைக்கு அந்த நிபுணர் வந்து எழுதிக் குடுக்கட்டும், கையோட அவங்கள நிறுத்திடலாம். ஏதோ நடவடிக்கை எடுத்தேன்னு நானும் கடைகளுக்குச் சொல்லியாகணுமே.”

சொல்ல வேண்டும் என்றால் அப்போது சொல்லியிருக்கலாம். மேடம் கண்ணை மூடியபடியே பதிலுக்குக் காத்திருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

“சரிங்க மேடம்” என்றார் சிஸ்டம் சார்.

அறைக்குத் திரும்பி வந்தபோது திரை இன்னும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். மகளுக்கு நீச்சல் வகுப்பு, வீட்டு வாடகை, இந்த வயதில் வேறு வேலைக்குப் போய் முந்தின இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் சொல்லப்போகும் பதில் என்று நியாயங்களைத் திரட்டினார். எல்லாம் சேர்ந்தும் போதவில்லை. அப்போது கதவு திறந்தது.

“தம்பி, உள்ள வரலாமா?”

பெரியக்கா. சிஸ்டம் சார் எழுந்திருக்காமலே எதிர் நாற்காலியைக் காட்டினார். திரையின் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. பெரியக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டார். பேசிப் பேசி அவர் குரல் கம்மியிருந்தது.

“எல்லாம் என்னாலதான் தம்பி.”

“என்னக்கா சொல்றீங்க?”

“என் கம்ப்யூட்டர்லருந்துதான்னு வெளிய பேசிக்கறாங்க. நான் எதையும் தட்டல, சத்தியமா. ஆனா அவன் உள்ள வந்தத நான் பாத்தேன். பாத்துட்டு, நீங்கன்னு நெனச்சுட்டேன்.”

சிஸ்டம் சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் கணினியிலாவது ஏதாவது சரிசெய்ய வேண்டும் என்றால் தன் அறையிலிருந்தபடியே அதற்குள் நுழைந்துவிடுவார், சொல்ல மாட்டார். வேலை செய்துகொண்டிருப்பவர்களின் திரையில் திடீரென்று அம்புக்குறி தானாக ஓடும். கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க எல்லோரும் பழகிவிட்டார்கள். ஒருமுறை பெரியக்கா பயந்து எழுந்துவிட்டதைப் பார்த்து, அவர் திரையிலேயே ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து ‘நான்தான் அக்கா, ரெண்டு நிமிஷம்’ என்று தட்டிக் காட்டினார். அன்றைக்கு அது ஒரு மரியாதை என்றுதான் அவர் நினைத்தார்.

“முந்தாநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அம்பு தானா ஓடுது. நான் கைய எடுத்துட்டேன். அப்பறம் நீங்க எழுதிக் காட்டினீங்களே, அந்த வெள்ளப் பக்கம், அதத் தொறந்து ‘தம்பி, நீங்களா’ன்னு போட்டேன்.”

“போட்டு?”

“‘ஆமாம்’னு வந்துச்சு.”

சிஸ்டம் சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அதோட விட்டிருக்கணும். சுத்தி யாரும் இல்லயா, நேர்ல வாய்ல வராததெல்லாம் கையில வந்துடுச்சு. அன்னைக்கு அந்த மெயில நான் அசட்டுத்தனமா தட்டல தம்பின்னு எழுதினேன். வீட்டுக்காரருக்குச் சோதனை எடுத்துட்டு, ரிசல்ட் வரும் வரும்னு உக்காந்திருந்த நேரம். அதான் யாரு அனுப்பினதுன்னுகூடப் பாக்கல. அப்பறம் நெஜமான ரிசல்ட் வந்துச்சு, நல்லதா வரல. பிள்ளைங்களுக்கே இன்னும் சொல்லல. அதையும் எழுதினேன். அந்த எலிய மட்டும் எடுத்துக்கோங்க தம்பி, காலைல வந்ததும் அது மூஞ்சில முழிக்க முடியலன்னு எழுதினேன்.”

அவர் அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற குரலில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

“அம்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. நீங்க படிக்கறீங்கன்னு நெனச்சேன். அப்பறம் அந்தப் பக்கத்த மூடிடுச்சு. வேற யார் கண்லயும் படக் கூடாதுன்னு தம்பி மூடிட்டாரேன்னு எனக்கு மனசு எவ்வளவு ஆறுச்சு தெரியுமா? சாயங்காலம் போகும்போது, காலைல எலி இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டே போனேன்.”

நேற்றுக் காலையில் எலி அங்கேயேதான் இருந்தது. மறுபடியும் அம்பு ஓடியது. பெரியக்கா தலையைத் தூக்கிப் பார்த்தபோது சிஸ்டம் சார் டீ மிஷின் பக்கத்தில், கையில் கோப்பையோடு, மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப உள்ள இருக்கறது யாருன்னு கேக்கத்தான் நேத்து வந்தேன் தம்பி.”

சிஸ்டம் சாருக்கு ஞாபகம் வந்தது. நேற்று இந்தக் கதவில் பெரியக்கா வந்து நின்றார். அறையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டம் சார், “என்னக்கா, மறுபடியும் எலியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “ஒண்ணுமில்ல தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

“எல்லாத்தையும் படிச்சுட்டும் இப்படிக் கேக்கறாரேன்னு திரும்பிப் போயிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. நேத்தே சொல்லியிருந்தா நிறுத்தியிருக்கலாம்ல? அதான், என்னாலதான்னு சொல்றேன்.”

“நான் படிக்கலக்கா. அது நான் இல்ல.”

“தெரியுது. இன்னைக்கு அந்த அறிவிப்பு வந்தப்பதான் தெரிஞ்சுது.” பெரியக்கா மடியில் இருந்த கைபேசியைப் பார்த்தார். “அப்ப அதெல்லாம் நான் யார்கிட்டச் சொன்னேன் தம்பி?”

எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவன் அதைப் படித்திருக்கிறான், அல்லது படிக்காமலே மூடியிருக்கிறான். இரண்டில் எது மோசம் என்று அவருக்குத் தெரியவில்லை. திருடன்கூட பெரியக்கா எழுதி முடிக்கும்வரை காத்திருந்தான், நான் வாயைத் திறக்கவே விடவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பிலிருந்து தப்பிக்க எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. காது, கன்னம், கழுத்து என்று எல்லா இடத்திலும் வெட்கம் எரிந்தது.

“அக்கா, அவன் உள்ள வந்தது என் பேர்ல. என் கடவுச்சொல்ல வச்சு. கைபேசிக்கு வர்ற நம்பர நான் எனக்கு மட்டும் எடுத்து வச்சிருந்தேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

பெரியக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“மேடத்துக்குத் தெரியுமா?”

“தெரியாது.” அதோடு நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “உங்க கம்ப்யூட்டர்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

வெளியே யாரோ கைபேசியில் எண்களைச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா அவரையே பார்த்தார். திட்டுவார் என்று சிஸ்டம் சார் எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. பரவாயில்லை தம்பி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது. பெரியக்கா இரண்டும் செய்யவில்லை. எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

“இன்னும் பேச வேண்டிய கடைங்க இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டம் சார் திரையைப் பார்த்தார். ‘வேண்டாம்’ என்ற கட்டத்தைத் தட்டினார். நீலம் போய், அவர் பெயர் வரிசையாகக் கறுப்பு எழுத்தில் திரும்ப வந்தது. கணினியைப் பூட்டவில்லை, அப்படியே திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஆர்டர் பிரிவில் பெரியக்கா அடுத்த கடையோடு பேசிக்கொண்டிருந்தார். இவர் மேசையருகே வந்து நின்றபோது அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. சிஸ்டம் சார் கையை நீட்டி, சுவரைப் பார்த்திருந்த எலியை எடுத்தார். துணி மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தது, எலி உட்கார்ந்த இடம் மட்டும் அதில் பள்ளமாகத் தெரிந்தது. பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாளாக எலி ஒரு மேசையை விட்டுக் கிளம்பினாலே கைதட்டல் வரும். யாரும் தட்டவில்லை. “வலக்கண்ணுக்கு எவ்வளவு சொன்னீங்க?” என்று பெரியக்கா கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடத்தின் அறைக்கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். மேடம் கண்ணாடி போடாமலேதான் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிஸ்டம் சார் மேசைமேல் வைத்தார். மேடம் தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, எதிரே நிற்கும் உருவத்தைப் பார்த்தார்.

“யாரது?” என்றார். “நீங்களா?”

ஆமாம் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும். அவர் வாயைத் திறந்தார். மேடத்தின் கை கண்ணாடியைத் தேடி மேசைமேல் தடவிக்கொண்டே வந்தது, எலிமேல் பட்டது. எலி கீச்சென்று கத்தியது. மேடம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சிஸ்டம் சார் குனிந்து, மல்லாந்து கிடந்த கண்ணாடியை எடுத்தார். சட்டை நுனியில் துடைத்து, அதன் கால்களை விரித்து, மேடத்தின் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஓர் அடி பின்னால் போய், வெளிச்சம் முகத்தில் விழும்படி, அவர் அதைப் போட்டுக்கொள்ளும்வரை நின்றார்.